ட்ரோனின் முதுகில் ஒரு கணிப்பொறி: ஏற்றலாமா, கூடாதா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்பவர்கள் முட்டுக்காடு பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். மேற்கே அகன்று கிடப்பது உப்பங்கழி. கிழக்கே, அந்த உப்பங்கழி கடலோடு கலக்கும் முகத்துவாரம். சுற்றுலா வருபவர்களுக்கு அது படகு சவாரி செய்யும் இடம். ஆனால் தென்சென்னையில் வசிப்பவர்களுக்கு அதுவே வெள்ளநீர் வடியும் வாய். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, இந்த முகத்துவாரத்தின் வழியாகத்தான் கடலை அடைகிறது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்டவர்களுக்கு இந்த வாய் திறந்திருப்பதன் அருமை தெரியும்.

ஆனால் இந்த வாய் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக் காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கி நகர்த்துகின்றன. கழியில் நீரோட்டம் குறைந்தால் மணல்திட்டு வளர்ந்து வாயை ஒடுக்கும்; பெருமழை வந்தால் நீர் திட்டை உடைத்துக்கொண்டு பாயும். எனவே, ‘இன்று வாய் எவ்வளவு அகலம்? எங்கே இருக்கிறது?’ என்பது வெறும் பூகோளப் பாடக் கேள்வி அன்று. பல ஆயிரம் வீடுகளைப் பற்றிய கேள்வி.

இதைக் கண்காணிக்க ஓர் ஆளில்லா வானூர்தியை, அதாவது ட்ரோனை, அனுப்பலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அந்த ட்ரோனின் முதுகில் ஒரு சிறு கணிப்பொறியையும் ஏற்ற வேண்டுமா? இன்று பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ‘கணிப்பொறி ஏற்றிய ட்ரோன்’ என்றாலே கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடுவது ஒரு காரணம் ஆகாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை இருந்தால் ஏற்றலாம், வேலை இல்லாமல் ஏற்றக் கூடாது, ஏற்றினாலும் பறப்பின் கடிவாளத்தை அதன் கையில் முழுவதுமாகக் கொடுக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

வானிலேயே சிந்திக்க வேண்டிய வேலை எது?

முதலில், ட்ரோன் எதற்கு? செயற்கைக்கோள் போதாதா? ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 5 நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு நிலப்பகுதியையும் படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ஆண்டு முழுதும் கரை எப்படி மாறுகிறது என்று அறிய இது மிகவும் பயன்படும். ஆனால் வாயின் அகலம் முக்கியமாகத் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மேகத்தால் மூடியிருக்கும். செயற்கைக்கோளின் காமிரா மேகத்தைத்தான் பார்க்கும். மேகத்துக்குக் கீழே, மழை விட்ட இடைவேளையில் பறக்கக்கூடியது ட்ரோன்.

சரி, ட்ரோனுக்குக் கணிப்பொறி எதற்கு? படத்தை எடுத்துக்கொண்டு வந்து, கரையில் உள்ள மேசைக் கணிப்பொறியில் அளந்து கொள்ளலாமே! ஆம், அளப்பதற்கு மட்டும் என்றால் முதுகில் கணிப்பொறி தேவையே இல்லை. இதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ட்ரோனுக்கு, ‘இந்தப் புள்ளிக்குப் போ, பிறகு அந்தப் புள்ளிக்குப் போ’ என்று முன்கூட்டியே பாதை எழுதித் தருகிறோம். சென்ற வாரம் எழுதிய பாதை இந்த வாரம் மணலின்மேல் போய்க்கொண்டிருக்கும். வாயோ 100 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். நீரும் மணலும் சேரும் ஓரத்தைக் காமிராவால் கண்டு, அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போகத் தெரிந்த ட்ரோன்தான் நகரும் வாயைத் தொடர முடியும். கீழே மீனவர்களோ குழந்தைகளோ நின்றால், அவர்களின் தலைக்குமேல் போகாமல் விலகவும் வேண்டும். இவை வானிலேயே, அந்தக் கணமே செய்ய வேண்டிய முடிவுகள். படத்தைக் கரைக்கு அனுப்பி, விடை வரும்வரை காத்திருந்தால் நேரமாகும். நடுவில் வானொலித் தொடர்பு அறுந்துவிட்டால் விடையே வராது.

ஆகவே, முதல் விதி இது: ‘வானிலேயே எடுக்க வேண்டிய முடிவு என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுத முடிந்தால் மட்டும் கணிப்பொறியை ஏற்றுங்கள்.

இரண்டு மூளைகள்

நீங்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டே ஒரு தெருவில் வீட்டு எண்ணைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைப் படிப்பது ஒரு வேலை. சைக்கிள் சாயாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை நீங்கள் நினைத்துச் செய்வதில்லை. எண் புரியாமல் ஒரு நொடி விழித்தாலும் சைக்கிள் விழுவதில்லை அல்லவா?

ட்ரோனிலும் இப்படி இரண்டு வேலைகள் உண்டு. பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவி என்ற சிறு பலகை, சுழற்சியை அளக்கும் உணரியையும் முடுக்கத்தை அளக்கும் உணரியையும் ஓயாமல் படித்து, நான்கு மோட்டார்களின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளில் இந்தத் திருத்தம் நொடிக்கு 400 முறை நடக்கிறது. அதாவது ஒவ்வொரு திருத்தத்துக்கும் நொடியில் நானூறில் ஒரு பங்கு நேரம்தான். இந்தப் பலகை தவறாமல், தாமதிக்காமல் இருக்க வேண்டும். அதற்குப் பெரிய அறிவு தேவையில்லை; ஒழுங்கு தேவை.

நாம் முதுகில் ஏற்றும் சிறு கணிப்பொறி வேறு வகை. 2012இல் இங்கிலாந்தில் மாணவர்களுக்காகவே வெளியிடப்பட்ட ராஸ்பெரி பை என்னும் கணிப்பொறி இதற்குப் பெயர் பெற்றது. அதன் நான்காம் வகை சுமார் 46 கிராம் எடைதான். சட்டைப் பையில் அடங்கும். அது படத்தைப் படிக்கும், ஓரத்தைக் கண்டுபிடிக்கும், எங்கே போகலாம் என்று யோசிக்கும். ஆனால் அது ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பது. சில சமயம் ஒரு வேலை முடியும்வரை இன்னொன்றைக் காக்க வைக்கும். படம் படிக்கும்போது அப்படித் தாமதித்தால் பரவாயில்லை. மோட்டாரைத் திருத்தும்போது தாமதித்தால் ட்ரோன் கவிழ்ந்துவிடும்.

ஆகவே இரண்டு மூளைகளையும் ஒன்றாக்கக் கூடாது. சிறு கணிப்பொறி, ‘வலப்பக்கம் மெல்ல நகரலாம்’ என்று ஆலோசனை சொல்ல வேண்டும். பறப்புப் பலகை அதை நிறைவேற்ற வேண்டும். இந்தப் பேச்சுக்கு மேவ்லிங்க் என்ற பொது மொழி 2009 முதல் இருக்கிறது. நொடிக்கு ஒரு முறை ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று நாடித்துடிப்புப் போல ஒரு செய்தி போகும். அந்தத் துடிப்பு நின்றால், பறப்புப் பலகை கணிப்பொறியின் ஆலோசனையை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே மிதக்கவோ புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவோ வேண்டும். இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதி வைப்பது நம் கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரையில் நிற்பவரின் கையிலுள்ள ஒரு விசையைத் தட்டியதும் ட்ரோன் மனிதரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும்.

செவ்வாயில் நடந்த ஒரு சோதனை

இது வீண் பயம் என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் ‘இஞ்ஜெனுவிட்டி’ என்ற 1.8 கிலோ எடையுள்ள சிறு ஹெலிகாப்டர் பறந்தது. வேறொரு கோளில் இயந்திர விசையால் கட்டுப்பாட்டோடு பறந்த முதல் ஊர்தி அதுவே. அதன் தலைமைப் பொறியாளர் ஜே. பாப் பலராம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செய்தி போய்ச் சேரப் பல நிமிடங்கள் ஆகும். எனவே அந்த ஹெலிகாப்டர் தானே பார்த்து, தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதிலும் இரண்டு மூளைகள்தான். படம் படிக்க, கைப்பேசிகளில் பயன்பட்ட ஒரு செயலி. பறப்பைக் கட்டுப்படுத்த நொடிக்கு 500 முறை இயங்கும் தனிச் சில்லுகள்.

2021 மே 22 அன்று ஆறாவது பறப்பில், காமிராவிலிருந்து ஒரே ஒரு படம் தவறிப்போனது. அதன்பின் வந்த ஒவ்வொரு படத்திலும் நேரக் குறிப்பு தவறியது. சற்று முன் எடுத்த படத்தை இப்போதைய படம் என்று நம்பி, ஊர்தி முன்னும் பின்னும் தள்ளாடியது. ஆயினும் விழவில்லை; குறித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. காரணம் என்ன? தடுமாற்றத்தைத் தாங்கும்படி பறப்புக் கட்டுப்பாட்டில் ஏராளமான இடம் விட்டிருந்தார்கள்; மேலும், தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் காமிராவின் பேச்சைக் கேட்பதில்லை என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

2024 ஜனவரி 18 அன்று, 72ஆவது பறப்பில், அதற்கு முடிவு வந்தது. கீழே அடையாளம் ஏதும் இல்லாத மணல் அலைகள். எதைப் பார்த்துத் தன் வேகத்தை அறிவது என்று காமிராவுக்குத் தெரியவில்லை. தரையிறங்கும்போது இறக்கைகள் உடைந்தன. ஐந்து பறப்புகளுக்காகச் செய்யப்பட்டது 72 முறை பறந்தது பெரிய வெற்றிதான். ஆனால் முட்டுக்காட்டுக்காரர்கள் இந்த முடிவை மறக்கக் கூடாது. நம் முகத்துவாரத்திலும் கீழே இருப்பது வெறும் மணலும் நீரும்தானே! நீரோ அசைந்துகொண்டே இருப்பது. நீரின் அசைவைப் பார்த்து, ‘நான்தான் நகர்கிறேன்’ என்று காமிரா ஏமாந்துவிடும். ஆகவே கழியின்மேல் பறக்கும்போது ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்பதற்கு ஜி.பி.எஸ். கருவியையே நம்ப வேண்டும். ‘கரை எங்கே இருக்கிறது’ என்பதற்கு மட்டும் காமிராவைக் கேட்க வேண்டும்.

எடையின் கணக்கு

வானத்தில் எதுவும் இலவசம் இல்லை. 1 கிலோ எடையுள்ள ஒரு ட்ரோன் மிதந்து நிற்க 150 வாட் மின்சக்தி செலவாகிறது என்றும், மின்கலம் 20 நிமிடம் தாங்குகிறது என்றும் கொள்வோம். கணிப்பொறி, காமிரா, கம்பி, தாங்கு தட்டு எல்லாம் சேர்த்து 100 கிராம் ஏற்றுகிறோம். எடை 10 சதவீதம் கூடியது. மின்சக்தியும் 10 சதவீதம்தான் கூடுமா?

இல்லை. மிதப்பதற்கான சக்தி, எடையின் ஒன்றரை மடி அடுக்காக உயரும். 1.1 என்ற எண்ணை ஒன்றரை மடி அடுக்கினால் 1.15 வரும். அதாவது 15 சதவீதம், சுமார் 23 வாட், கூடுதல் செலவு. கணிப்பொறி தனக்காக உண்பது 6 வாட் போல. மொத்தம் 179 வாட். 20 நிமிடம் என்பது 17 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கவனித்தீர்களா? கணிப்பொறி சாப்பிடுவதைவிட, அதைச் சுமப்பதற்கு ஆகும் செலவுதான் அதிகம்! எனவே வேகமான கணிப்பொறியைத் தேடுவதற்கு முன் இலேசான கணிப்பொறியைத் தேடுங்கள்.

சட்டமும் எடையைப் பார்க்கிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், சுமையையும் சேர்த்து 250 கிராம் வரை உள்ளவற்றை ஒரு வகுப்பிலும், அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ளவற்றை அடுத்த வகுப்பிலும் வைத்தன. 240 கிராம் ட்ரோனில் 15 கிராம் கணிப்பொறியை ஒட்டினால் வகுப்பே மாறிவிடுகிறது. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு அரசின் வான்வெளி வரைபடம் இருக்கிறது. விமான நிலையங்களையும், தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் கொண்டது நம் கரை. வரைபடத்தைப் பார்க்காமலும், பொறுப்புள்ள பெரியவர் உடன் இல்லாமலும் ஒரு மாணவரும் ட்ரோனைத் தூக்கக் கூடாது.

பொருத்துவதில் இருக்கிறது வித்தை

எடை மட்டுமல்ல, எங்கே, எப்படிப் பொருத்துகிறோம் என்பதும் முக்கியம். 100 கிராம் சுமையை நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், 1.1 கிலோ ட்ரோனின் ஈர்ப்பு மையம் சுமார் 4.5 மில்லிமீட்டர் நகரும். அந்தப் பக்கத்து மோட்டார்கள் எப்போதும் அதிகமாக உழைத்துச் சூடேறும். ஒரு விரல்மேல் ட்ரோனை நிறுத்திப் பார்த்தே சமநிலையை அறியலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

மின்சாரத்தை வேறு வழியில் தனியாகக் கொடுக்க வேண்டும். மோட்டார்கள் திடீரென்று வேகமெடுக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். அந்தச் சரிவில் கணிப்பொறி அணைந்து மறுபடி தொடங்கும். நினைவட்டையில் எழுதிக்கொண்டிருந்த பதிவும் கெட்டுப் போகலாம். 5 வோல்ட் தரும் தனிச் சீராக்கி ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கணிப்பொறியை ஜி.பி.எஸ். கருவியின் பக்கத்தில் வைக்காதீர்கள். 20,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வரும் மெல்லிய சைகையை, பக்கத்திலிருந்து எழும் மின் இரைச்சல் அமுக்கிவிடும். அதிர்வைத் தாங்க ரப்பர் மெத்தை வேண்டும். வெயிலில் தரையில் நிற்கும்போது கணிப்பொறி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பறக்கும்போது இறக்கைக் காற்றே அதைக் குளிர்விக்கும். எனவே முன்னதாக இயக்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முட்டுக்காட்டின் உப்புக் காற்றில் செம்பு இணைப்புகள் பச்சை பூக்கும். பறந்து வந்ததும் துடைத்து, உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

‘இத்தனை தொல்லை எதற்கு? மூடி முத்திரையிட்ட ட்ரோனை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் பத்திரமாகப் பறக்க விடுவார்களே’ என்பார் சிலர். பத்திரம் என்பது உண்மைதான். ஆனால் திறந்து பார்க்க முடியாத பெட்டி, பறக்கக் கற்றுத் தரலாம். பறப்பைப் பற்றிக் கற்றுத் தராது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘தக்ஷா’ குழுவினர் 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவி ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்கள். தாமே ட்ரோன்களை உருவாக்கிப் பழகியவர்கள் அவர்கள். கடையில் வாங்கிய பெட்டியைப் பறக்கவிட்டு அந்த இடத்தைப் பிடிக்க முடியாது.

‘மாணவர்களுக்கு இவ்வளவு செலவு செய்ய முடியுமா?’ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ட்ரோன் என்பது வீண். ஆனால் வேலையின் பெரும்பகுதிக்கு ட்ரோனே தேவையில்லை. கணிப்பொறியையும் காமிராவையும் ஓர் அட்டையில் கட்டிக் கையில் ஏந்தி, நீர் ஓரமாக நடந்து பாருங்கள். ஈர மணலை நீர் என்று அது நினைக்கும். அலையின் வெண்ணுரையைக் கரை என்று நினைக்கும். உச்சி வெயிலில் நீரின் பளபளப்பைக் கண்டு குழம்பும். இந்தத் தவறுகளையெல்லாம் நடந்தே கண்டுபிடிக்கலாம், நடந்தே திருத்தலாம். அடுத்து, பாதுகாப்பு அங்கி அணிந்து, படகோட்டியின் துணையோடு படகில் வைத்துச் சோதியுங்கள். அதிலும் தேறிய பிறகே வானம். பத்துப் பள்ளிகள் தரையில் சோதித்த நிரல்களை, பயிற்சி பெற்றவர் இயக்கும் ஒரே ட்ரோனில் முறை வைத்து ஏற்றிப் பார்க்கலாம். கல்லூரிகளும் அரசுத் துறைகளும் இந்த ஒன்றை மட்டும் செய்து கொடுத்தால் போதும்.

1997இல் இதே முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கொடுவா மீனைத் தொட்டியில் வளர்த்து, முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் முறை. உப்பங்கழியின் நீரையும் உப்பையும் பொறுமையாகக் கவனித்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது. பறக்கும் இயந்திரத்துக்கும் அதே பொறுமைதான் தேவை.

ஆகவே நண்பர்களே, உங்கள் பள்ளியில் யாராவது ட்ரோனில் கணிப்பொறி ஏற்றப் போவதாகச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது வானிலேயே எடுக்க வேண்டிய முடிவு என்ன? அது தவறினால் அல்லது உறங்கிவிட்டால் ட்ரோனைக் காப்பது எது? அதைத் தரையில் எத்தனை நாள் சோதித்தீர்கள்? மூன்றுக்கும் தெளிவான விடை வந்தால் நீங்களும் அவர்களோடு சேருங்கள். வரும் மழைக்காலத்துக்கு முன், முகத்துவாரத்தின் அகலத்தை வாரம் ஒரு முறை அளந்து, பள்ளிச் சுவரில் ஒரு வரைபடமாக எழுதி வையுங்கள். ட்ரோன் கிடைக்காவிட்டால், பாலத்தில் நடைபாதை உள்ள பகுதியில் ஆசிரியரோடு நின்று, கோணமானியால் அளந்து தொடங்குங்கள். முதலில் அளக்க வேண்டியது வாயைத்தான். கருவி பிறகு வரட்டும்.